குல்லாவின் ஓரம்

போன வாரம் ஓரக்காரரை அலமாரிக் கதவைத் திறந்த கையோடு நிற்க வைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். சட்டையைத் தேடப் போன கையில் ஒரு வெள்ளைக் குல்லா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த அளவுக்குத் தலை உள்ளவர் யாரும் அந்த வீட்டில் இல்லை.

இல்லையென்றால், இனிமேல் வரப்போகிறார் என்று அர்த்தம்.

மண்டையில் அது உறைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மகள் காலையில் எழுந்ததும் குளியலறைக்கு ஓடுவது, மனைவி பின்னாலேயே துண்டை எடுத்துக்கொண்டு போவது, இவர் உள்ளே நுழைந்ததும் இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது, எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் தெரிந்தது. தாத்தா ஆகப்போகிறார். வீட்டில் அது தெரியாத ஒரே ஆள் அந்தத் தாத்தாதான்.

யாரைக் குறை சொல்வது? வினையை விதைத்தவர் இவர்தானே.

மேடை நாடகங்களுக்கு விளக்குப் போடுகிறவனை விரும்புகிறேன் என்று மகள் வந்து நின்ற அன்று, “ஊர் ஊரா சுத்தறவனுக்கா என் பொண்ணு? அந்த வீட்டு ஆளுங்க மொகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் அவர். கல்யாணத்துக்கும் போகவில்லை. அவளும் அதன்பின் இந்த வாசற்படி மிதிக்கவில்லை. இப்போது மாப்பிள்ளை நாடகக் குழுவோடு வெளியூர் போய்விட, மாமியார் கையில் அறுவை சிகிச்சை முடிந்து தன் அக்கா வீட்டில் தங்கிவிட, “தனியா கெடக்காதே, வா” என்று அம்மா போனில் அழைத்ததால் வந்திருக்கிறாள்.

வந்தவள் அப்பாவோடு மட்டும் நேருக்கு நேர் பேசுவதில்லை. “அம்மா, டிவி சத்தத்தைக் கொறைக்கச் சொல்லு” என்பாள். டிவி ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில், அவர் மடியில் இருக்கும். சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் அவளைப் பார்ப்பார். அவள் ஜன்னலைப் பார்ப்பாள்.

‘அப்பா’ என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனால் போதும் என்று அவருக்கு இருந்தது. ஆனால் இன்று சாயங்காலம் மாப்பிள்ளை வருகிறார், அவளைக் கூட்டிக்கொண்டு போக. இந்த ஒரு பகல்தான் பாக்கி.

“என்னங்க, சட்டை கெடைச்சுதா இல்லையா?”

மனைவியின் குரல் கேட்டதும் குல்லாவைச் சட்டென்று கால்சட்டைப் பைக்குள் தள்ளினார். எதற்கு ஒளித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. திருட்டு முழியோடு வெளியே வந்தார்.

“கெடைச்சுது.”

“சாயங்காலம் சீக்கிரம் வந்துடுங்க. மாப்பிள்ளையோட அவங்க அம்மாவும் வர்றாங்களாம்.”

“அவங்க எதுக்கு?”

“எதுக்கா? மருமகளைக் கூட்டிட்டுப் போக மாமியார் வரக் கூடாதா?” மனைவி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “போறதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் போங்களேன். வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

பேசலாம்தான். ‘எனக்கு ஏம்மா சொல்லலை?’ என்று கேட்கலாம். ‘உடம்பு எப்படி இருக்கு?’ என்றாவது கேட்கலாம். மகள் அப்போதுதான் எழுந்து, முடியைக் கொண்டையாகச் சுருட்டிக்கொண்டே சமையலறைப் பக்கம் வந்தாள். அவரைத் தாண்டிப் போகும்போது நடை லேசாகத் தயங்கியது. அவரும் தொண்டையைக் கனைத்தார்.

“அம்மா, டீ இருக்கா?” என்றாள் அவள்.

“நான் வரேன்” என்றார் அவர், கதவு நிலையைப் பார்த்து.

பைக்குள் விட்ட விரல்களில் குல்லாவின் ஓரம் தட்டுப்பட்டது. சுருண்டிருந்தது.

ஓரக்காரர் என்கிற பெயர் அவருக்குச் சும்மா வரவில்லை. ஸ்வெட்டர் பட்டறையில் இஸ்திரி மேசை அவருடையது. மெஷினிலிருந்து இறங்கும் பின்னல் துண்டுகள், முதுகோ மார்போ கையோ, இறங்கிய வேகத்தில் ஓரங்களில் சுருட்டிக்கொள்ளும். பின்னலின் ஒரு பக்கக் கண்ணிகள் இழுக்கும், மறுபக்கக் கண்ணிகள் தள்ளும். ஒரே வீட்டில் இரண்டு பிடிவாதக்காரர்கள் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான். சுருண்ட துண்டை அப்படியே தைத்தால் தையல் கோணிக்கொள்ளும். எனவே துண்டை மேசையில் விரித்து, அளவுக்கு இழுத்து, ஓரம் நெடுகக் குண்டூசி குத்தி, இஸ்திரிப் பெட்டியை மேலே படாமல் தூக்கிப் பிடித்து ஆவியை மட்டும் விடவேண்டும். பிறகு ஆறவிடவேண்டும். ஆறுவதற்குள் ஊசியைப் பிடுங்கினால் பழையபடி சுருண்டுவிடும்.

இந்தப் பொறுமைதான் அவர் தொழில். இந்தப் பொறுமையில் காலே அரைக்கால் பங்கு வீட்டில் காட்டியிருந்தால் நமக்கு இந்தக் கதையே இருந்திருக்காது. என்ன செய்வது, துணிக்கு ஒரு மனுஷன், பெற்ற பெண்ணுக்கு ஒரு மனுஷன் என்று இருந்துவிட்டார்.

சுருண்ட ஓரத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் மப்ளர் சுருண்டிருந்தால்கூட இழுத்து விடத் துடிக்கும். அப்படிப்பட்டவர் பையில் பேரக்குழந்தையின் குல்லா, அதுவும் சுருண்ட ஓரத்தோடு. பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் அவர் மனதில் ஒரே ஒரு படம்தான் ஓடியது. சாயங்காலம் அவள் பெட்டியை மூடுகிற நேரத்தில் இந்தக் குல்லாவை நீட்டுவார். ஓரம் கோடு போட்ட மாதிரி நிற்கும். அவள் தொட்டுப் பார்ப்பாள். எல்லாம் தெரிந்துகொண்டார், கோபமில்லை, சந்தோஷம்தான் என்று அவளுக்கு அதிலேயே புரிந்துவிடும். வாயைத் திறக்கிற வேலையே இல்லை.

வாயைத் திறக்கிற வேலை இல்லை என்பதுதான் அந்தத் திட்டத்தில் அவருக்கு மிகவும் பிடித்தது.

“என்னண்ணே, மொகம் இன்னிக்கு இஸ்திரி போட்ட மாதிரி இருக்கு?”

கேட்டது மெஷின்காரம்மா. பட்டறையில் பின்னல் மெஷின் ஓட்டுபவள். கையும் ஓயாது, வாயும் ஓயாது. ஓரக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குல்லாவை எடுத்துக் காட்டினார்.

“யாருக்கு?”

“பேரப்புள்ளைக்கு” என்றார். அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொல்வது அதுதான் முதல் தடவை.

“அடேங்கப்பா! தாத்தாவா! இவ்வளவு நாளா மூச்சு விடலையே நீங்க?”

எனக்கே இன்று காலையில்தான் தெரியும் என்று சொல்ல முடியுமா? சிரித்துவைத்தார்.

அவள் குல்லாவை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “ஓரம் இப்படிச் சுருண்டிருக்கே. யாரு பின்னுனது?”

“வேற யாரு, என் பொண்ணுதான்.”

“ஓரக்காரர் பொண்ணு ஓரம் போடாம பின்னியிருக்காளா? வெளியில சொல்லிடாதீங்க, மானம் போயிடும். கடைசி நாலஞ்சு வரிசையில ஒரு கண்ணி முன்னே, ஒரு கண்ணி பின்னேன்னு மாத்தி மாத்திப் போட்டிருந்தா சுருளாம தட்டையா நின்னிருக்குமே.”

“சின்ன வயசுல ஊசியைக் குடுத்தா அதை வச்சுப் பலூனை ஒடைப்பா. வாலு. இப்பதான் கத்துக்கிட்டிருக்கா போல” என்றார். தன் மகள் எங்கோ ஒரு வீட்டில், சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், ஓரம் போடத் தெரியாமல் ஒவ்வொரு கண்ணியாக எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பது கண்முன் வந்தது. நான் இருந்திருக்கவேண்டிய இடம் அது என்று நினைத்துக்கொண்டார்.

“என்ன நூல்னு பாத்துட்டுப் பெட்டியை வைங்க” என்று சொல்லிவிட்டு மெஷின்காரம்மா தன் இடத்துக்குப் போனாள்.

அவருக்கா தெரியாது? புது நூல் எது வந்தாலும் ஒரு இழையைப் பிடுங்கித் தீக்குச்சியில் காட்டுவார். முடி கருகும் வாசனை வந்தால் கம்பளி. உருகி உருண்டையாகத் திரண்டால் அக்ரிலிக். கம்பளியை எப்படி வாட்டினாலும் தண்ணீரில் நனைத்தால் பழைய நிலைக்கு ஓரளவு வந்துவிடும். அக்ரிலிக் அப்படி இல்லை. சூடு ஏறினால் நூல் செத்துவிடும் என்பார்கள் பட்டறையில். செத்தது செத்ததுதான்.

ஓரக்காரர் நகத்தால் ஒரு இழையைப் பற்றினார். பற்றியவர் விட்டுவிட்டார்.

இன்னும் பிறக்காத குழந்தையின் குல்லா. அதிலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி நெருப்பில் காட்டுவதா? மனசு ஒப்பவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. கம்பளிதான் என்று முடிவு கட்டிவிட்டார். எத்தனையோ வருஷ அனுபவசாலி, ஆசைப்பட்ட இடத்தில் கோட்டைவிட்டார்.

முதலில் முறைப்படிதான் செய்தார். குல்லா உருண்டையான சாமான், துண்டு மாதிரி விரித்து ஊசி குத்த முடியாது. ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் மாட்டி, பெட்டியைத் தூக்கிப் பிடித்து ஆவி விட்டார். ஓரம் மெல்ல அவிழ்ந்து இறங்கியது. கிண்ணத்திலிருந்து எடுத்தார். எடுத்ததும் ‘போடா’ என்கிற மாதிரி மறுபடி சுருண்டுகொண்டது.

இன்னொரு தடவை ஆவி விட்டார். இன்னொரு தடவை சுருண்டது.

அந்தப் பக்கம் அன்றைய துண்டுகள் குவிந்துகொண்டிருந்தன. மேற்பார்வையாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஓரக்காரருக்கு மூக்குநுனியில் கோபம் வந்தது. ஒரு சாண் அகலம்கூட இல்லாத சாமான், என்னிடமே பிடிவாதமா? கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, குல்லாவை மேசையில் படுக்க வைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் நிமிர்த்திப் பிடித்து, பெட்டியை வைத்து அழுத்தினார்.

ஓரம் நின்றது. கோடு போட்ட மாதிரி நின்றது.

பெட்டியை எடுத்த மறுகணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. கைதான் முதலில் சொன்னது. மெத்தென்றிருந்த இடம் வழவழவென்று இருந்தது. பஞ்சுபோல் உப்பியிருந்த கண்ணிகள் நசுங்கி, வெளிச்சத்தில் பளபளத்தன. இழுத்துப் பார்த்தார். இழுத்த இழுப்புக்கு வந்தது, திரும்பிப் போகவில்லை. ஓரத்தை விரலால் சுருட்டினார். தொளதொளவென்று விழுந்தது.

ஓடிப்போய்க் குழாயடியில் நனைத்தார். கசக்கினார். உதறினார். ஊதினார். ஒன்றுக்கும் அசையவில்லை. துவண்டு போன காகிதம்போல் அவர் கையில் கிடந்தது.

மெஷின்காரம்மா பின்னால் வந்து நின்றாள். குல்லாவின் ஓரத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள்.

“அண்ணே, நூல் செத்துடுச்சு” என்றாள்.

“தெரியும்.”

“விடுங்க. கண்ணு கலங்கி என்ன ஆகப் போகுது? வெள்ளைக் கம்பளி மிச்சம் கெடக்கு. சாப்பாட்டு நேரத்துல இதே அளவுல ஒண்ணு போட்டுத் தர்றேன். அச்சு அசலா இதே மாதிரி. யாருக்குத் தெரியப் போகுது?”

வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். அவர் வாய் வேறொன்றைச் சொல்லிற்று.

“ஓரம் மட்டும்…”

“உங்களுக்கா சொல்லணும்? ஒரு கண்ணி முன்னே, ஒரு கண்ணி பின்னே. தலைகீழா நின்னாலும் சுருளாது.”

சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது வலது பையில் புதுக் குல்லா, இடது பையில் செத்த குல்லா. தூக்கி எறிந்திருக்கலாம். வழியில் குப்பைத்தொட்டிகளுக்கா பஞ்சம்? ஒவ்வொரு தொட்டியைத் தாண்டும்போதும் கை இடது பைக்குப் போனது, வெறுங்கையோடு திரும்பி வந்தது. மகள் பின்னியது என்கிற நினைப்பு விடவில்லை.

இருந்தாலும் மனசு ஒரு பக்கம் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தது. அவளுடையதைவிட இது நல்ல நூல். ஓரம் அருமையாக நிற்கிறது. ‘அப்பா சரி பண்ணிக் குடுத்திருக்கார்’ என்று நினைப்பாள். பின்னியவளுக்கே தெரியாமலா போகும் என்று இன்னொரு பக்கம் கேட்டது. அந்தப் பக்கத்துக்கு அவர் காது கொடுக்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால் வீடு வீடாக இல்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் கட்டிலில். கட்டிலில் இருந்ததெல்லாம் தரையில். மூடித் தயாராக இருந்திருக்கவேண்டிய பெட்டி, வாயைப் பிளந்துகொண்டு நடுக்கூடத்தில் கிடந்தது. மனைவி கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். மகள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

“அலமாரியில என் பொடவைக்கு அடியிலதாங்க பத்திரமா வச்சிருந்தோம்” என்று மனைவி குனிந்தபடியே சொன்னாள். “நீங்க ஏதாவது பாத்தீங்களா? சின்னதா, வெள்ளையா…” சொல்லிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடுமே.

ஓரக்காரர் வலது பையில் கையை விட்டார்.

வெள்ளையைக் கண்டதும் மகள் முகம் மலர்ந்தது. அவரைப் பார்த்தாள். ஜன்னலை அல்ல, அவரையே பார்த்தாள். உதட்டோரத்தில் ஒரு பாதிச் சிரிப்பு வந்து நின்றது. சின்ன வயதில் அவர் பட்டறையிலிருந்து வந்ததும் பையைத் துழாவுகிறபோது சிரிப்பாளே, அதே சிரிப்பு. இதற்குத்தானே அவர் ஏங்கிக் கிடந்தார். இரண்டு கைகளாலும் நீட்டினார். அவள் இரண்டு கைகளாலும் வாங்கினாள்.

விரல் ஓரத்துக்குப் போயிற்று. ஓரத்தைச் சுற்றி ஒரு முறை தடவியது. சிரிப்பு போய்விட்டது.

“அம்மா” என்றாள் மெல்ல. “இது அது இல்ல.”

“நல்லாப் பாருடி.”

“இது இல்லம்மா. இதுல ஓரம் சுருளல.”

ஓரக்காரர் இடது பையிலிருந்ததை எடுத்துக் கட்டிலின்மேல் வைத்தார். எடுத்துக் கையில் கொடுக்கத் தைரியம் இல்லை.

மனைவிதான் முதலில் போய் எடுத்தாள். தொட்டவுடன் அவளுக்கும் தெரிந்துவிட்டது. இஸ்திரிக்காரரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் ஆயிற்றே.

“என்னங்க இது? என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

“சுருண்டிருந்துச்சு. சரி பண்ணலாம்னு…”

“சரி பண்ண அதுல என்ன தப்பு இருந்துச்சு?” மனைவி குல்லாவை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். “சம்பந்தியம்மா பின்னுனதுங்க அது. கையில ஆபரேஷன்னு முடிவானதும் ஒக்காந்து பின்னினாங்களாம். அதுக்கப்புறம் விரல் பழையபடி மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். கடைசியா பின்னுன சாமான் இதுதான். இனிமே அந்தக் கையில ஊசி நிக்காதுங்க.”

ஓரக்காரர் பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஓரத்தை வேணும்னேதான் அப்படிச் சுருள விட்டாங்க” என்றாள் மகள். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். “கொழந்தைக்கு நெத்தியில தையல் உறுத்தக் கூடாதுன்னு. மெத்துனு உருண்டு நிக்கும். தலை வளர வளர ஒவ்வொரு சுத்தா அவிழ்த்து விட்டுக்கலாம், ஒரு வருஷத்துக்குப் போதும்னு சொன்னாங்க.”

சுருளாமல் இருக்க என்னென்ன செய்யவேண்டும் என்று அவரிடம் கேட்டால் விடிய விடியச் சொல்லுவார். ஊசி, ஆவி, ஓரப் பின்னல், உள்ளே வைத்துத் தைக்கிற பட்டை, எல்லாம் தலைகீழ்ப் பாடம். சுருளட்டும் என்று ஒருத்தி வேண்டுமென்றே விட்டிருப்பாள், அதற்கு ஒரு காரணம் வைத்திருப்பாள் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டு ஆட்களைப் பற்றி எதுவுமே அவருக்குத் தோன்றியதில்லை. அந்த அம்மாளுக்குப் பின்னத் தெரியும் என்பதையே இன்றைக்குத்தான் கேட்கிறார்.

“ஒரு இழையைப் பிடுங்கிக் கொளுத்திப் பாத்திருக்கணும்” என்றார். யாருக்குச் சொல்கிறோம் என்று தெரியாமலே சொன்னார். “எப்பவும் பாப்பேன். கொழந்தை குல்லாங்கறதால மனசு வரல. பிடுங்க மனசு வரலம்மா.”

மகள் திரும்பினாள்.

“இழையை ஏன்ப்பா பிடுங்கணும்? என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

அப்பா என்றுதான் சொன்னாள். முகத்துக்கு நேராகத்தான் சொன்னாள். அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, அவர் தாங்க முடியாத இடத்தில் வந்து விழுந்தது.

“காலையில நான் அங்கேதானே நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அன்னிக்கும் கேக்கல. அவர் யாரு, என்ன செய்யறாரு, அவங்க அம்மா எப்பேர்ப்பட்டவங்க, ஒண்ணும் கேக்கல. நீங்களா ஒரு முடிவு கட்டிக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டீங்க.”

“வாலு…” சின்ன வயதில் அவளைக் கூப்பிட்ட பெயர்தான் அவர் வாயில் வந்தது.

“அத்தை வந்ததும் மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

கோபமாகத் திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பார், அந்தப் பழக்கம் உண்டு. அவள் கெஞ்சுகிற குரலில் அல்லவா கேட்டுவிட்டாள். தப்பு முழுக்க என்னுடையது என்று நெஞ்சு சொல்லியது. அதை நிமிர்த்த எந்த ஆவியும் எந்த ஊசியும் இல்லை என்றும் தெரிந்தது.

மனைவி செத்த குல்லாவைக் கட்டிலில் வைத்துவிட்டு, மகள் கையிலிருந்த புதுக் குல்லாவை வாங்கினாள். “இதையே அவங்ககிட்ட…” என்று இழுத்தாள். இழுத்தவளே தலையை ஆட்டி அதைத் துணிக்குவியலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

வாசலில் மணி அடித்தது.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வருகிற பஸ் இன்று பார்த்து நேரத்துக்கு முன்னால் வந்து தொலைத்திருக்கிறது. மனைவி அவசர அவசரமாகத் துணிகளை அள்ளிக் கட்டிலுக்குப் பின்னால் போட்டாள். மகள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றாள். “என்னால முடியாது.”

“இரு. நான் போறேன்” என்றார் ஓரக்காரர்.

செத்த குல்லாவைக் கட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டார். வாசலுக்குப் போவதற்குள், முதலில் வரவேற்பது, பிறகு உட்கார வைப்பது, தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்திவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வருவது என்று மனதுக்குள் அடுக்கிவிட்டார். தாழ்ப்பாளை எடுத்தார்.

முன்னால் நின்றது மாப்பிள்ளை இல்லை. ஒல்லியான ஒரு அம்மாள். வலது கை மணிக்கட்டுவரை கட்டுப் போட்டிருந்தது. விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. இத்தனை நாளாய் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்த அந்த முகம், வாய் நிறையச் சிரித்தது. பின்னால் மாப்பிள்ளை பையைச் சுமந்துகொண்டு, மாமனாரிடம் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

“நீங்கதான் சம்பந்தியா? இன்னிக்காவது பாத்தோமே!” என்றாள் அந்த அம்மாள். அவள் பார்வை அவர் கைக்குப் போனது. “அட, குல்லாவைக் கையிலேயே வச்சிருக்கீங்களே! தாத்தாவுக்கு அவ்வளவு ஆசையா?”

வாசற்படியிலேயே இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் வாங்கிக்கொண்டாள். வாங்கிய பழக்கத்தில், கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்நுனிகளால் ஓரத்தை மெல்ல மேலே உருட்டிவிட்டாள்.

ஓரம் விழுந்தது.

இன்னொரு முறை உருட்டினாள். விழுந்தது. சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, குல்லாவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுக்கி வைத்திருந்ததில் ஒரு வார்த்தையும் ஓரக்காரருக்கு உதவிக்கு வரவில்லை.

“நான்தாங்க” என்றார். “கேக்காம செஞ்சுட்டேன்.”